குறை கூறும் சுற்று

பேரவை நூலகத்தில் சென்ற ஆண்டு ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் தொலையவில்லை. இந்தப் பெருமையைக் கல்லில் வெட்டி வாசலில் பதித்திருந்தார்கள். அலமாரிகள் எல்லாம் பூட்டியிருக்கும். சாவி அலமாரி அதிகாரியிடம் இருக்கும். அலமாரி அதிகாரி விடுப்பில் இருப்பார். புத்தகத்துக்குக் காலா முளைக்கும், தொலைந்துபோக?

அந்த நூலகத்தில் உதவி நூலகர் வேலைக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. முதன்முதலாக வேலைக்கு வருகிறவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி. மூன்றாண்டு முன்னனுபவம் கட்டாயம் என்று அடுத்த வரி. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. இதைப் படித்துவிட்டுக் குருவியும் மகாராணியும் விடுதிக் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு இரண்டு பேருமே விண்ணப்பித்தார்கள். விடுதி வாசிப்பறையில் பழைய நாளிதழ்களை மடித்துக் கட்டி வைத்ததைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, மூன்றாண்டு அனுபவமாக்கிக்கொண்டார்கள்.

இரண்டும் வகுப்பு வைத்த பெயர்கள். நூலகவியல் முதுகலை, கடைசிப் பருவம். குருவி ஓயாமல் பேசுவாள், ஓரிடத்தில் உட்காரமாட்டாள், அதனால் குருவி. மகாராணியை யாராவது கூப்பிட்டால் பாதி நேரம் திரும்பியே பார்க்கமாட்டாள். அந்தத் திமிருக்காக மகாராணி. அது திமிர் இல்லை என்பது அறைத்தோழியான குருவி ஒருத்திக்குத்தான் தெரியும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் போகும்போது மகாராணியின் இடது காதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் கேட்காது.

இதை அவள் ஒரே ஒரு தடவை வெளியில் சொல்லியிருக்கிறாள். வேறொரு நூலகத்துப் பேட்டியில், மறைக்கக்கூடாது என்று நினைத்து, அவளாகவே சொன்னாள். "எங்க லைப்ரரியில அமைதிதாம்மா உயிர். காது சரியாக் கேக்காதவங்களுக்கு இங்க சரிப்படாது" என்று அனுப்பிவிட்டார்கள். அமைதியைக் கேட்க எத்தனை காது வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. அன்றைக்கு அறைக்கு வந்து சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தவள், "இனிமே யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன்டி. உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றாள். குருவி அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்துவிட்டு, தலையில் அடித்தது வலித்ததா என்று வேறு கேட்டாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் விடுதியைக் காலி செய்யவேண்டும். வேலை இல்லாவிட்டால் குருவி அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே அண்ணியின் தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அவளுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. "வந்துட்டா பசங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்க ஆள் ஆச்சு" என்று அண்ணி சந்தோஷமாக இருப்பதாக அண்ணன் சொன்னான். அந்தச் சந்தோஷம்தான் குருவிக்குப் பயம். மகாராணிக்குப் போக அந்த மாதிரி ஒரு சுவரும் கிடையாது. அதனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மாடி அறையைப் பார்த்து வைத்திருந்தார்கள். வேலை ஒன்றுதான், இவர்கள் இரண்டு பேர்.

"யாருக்குக் கெடச்சாலும் ரூம் ரெண்டு பேருக்கும்" என்றாள் மகாராணி. "வேலைக்குப் போறவ வாடகை குடுக்கட்டும். இன்னொருத்தி சமைக்கட்டும். அப்புறம் அவளுக்கும் ஏதாவது கெடைக்காமயா போயிடும்?"

"நீ சமைச்சா நான் வேலைக்கே போகமாட்டேன். ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்" என்றாள் குருவி.

பேட்டி நாளன்று வந்தவர்களை நீளமான ஒரு நடைகூடத்தில் உட்கார வைத்தார்கள். பெயர் கேட்கவில்லை. ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். குருவி ஏழு, மகாராணி எட்டு. எண்ணைக் கூப்பிடுவதற்கென்றே பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை போட்ட அழைப்பாளர் ஒருவர் இருந்தார். அவர் நூலகத்தில் வேலை செய்தே பழகியவர், அதனால் கிசுகிசு என்றுதான் கூப்பிடுவார். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவர் வாய் அசையும்போதெல்லாம் குருவி முழங்கையால் இடித்து மகாராணிக்குத் தெரியப்படுத்தினாள்.

காலையில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தார்கள், உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். வெயில் ஜன்னலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. பொறுக்காமல் பலர் எழுந்து "சார், எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார்கள். பிற்பகலில் கதவு திறந்து நூலகத் தலைவர் வந்து நின்றார். வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே பேசினார்.

"முதல் சுற்று முடிஞ்சுது. இது காத்திருப்புச் சுற்று. எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்டவங்கள்லாம் வீட்டுக்குப் போகலாம். கேள்வி கேக்குற ஆர்வம் நூலகத்துக்கு ஆகாது. நீங்க காத்திருக்கீங்களான்னு நாங்களும் பொறுமையா இருந்து பார்த்தோம். நடுவுல சாப்பிட்டுட்டும் வந்துட்டோம்."

பாதிப் பேர் கிளம்பிப் போனார்கள். அடுத்தது செய்முறைச் சுற்று. புத்தகங்களை வகைப்படுத்தி அடுக்கிக் காட்டவேண்டும். அலமாரி அதிகாரி விடுப்பில் இருந்ததால் புத்தகம் இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டு அடுக்கச் சொன்னார்கள். குருவி வெறுங்கையால் காற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இல்லாத தூசியைத் தட்டி, இல்லாத தட்டில் நேராக வைத்தாள். மனிதவளப் பிரிவு அம்மாள் அளவுகோலோடு வந்து வரிசை நேராக இருக்கிறதா என்று அளந்து பார்த்துத் திருப்திப்பட்டார். மகாராணியும் அப்படியே எடுத்தாள், தட்டினாள். வைக்கும் முன்பு பழக்க தோஷத்தில் கைகளை விரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டாள்.

"எட்டாம் நம்பர் புத்தகத்தைத் திறந்துட்டாங்க" என்று மனிதவள அம்மாள் தலைவரைப் பார்த்தார். தலைவர் வருத்தத்துடன் தலையை ஆட்டினார்.

"படிக்கிற பழக்கம் இருக்கும்போல. போகப் போகத் திருத்திக்கலாம்."

மூன்றாவது, எதிர்காலச் சுற்று. பத்து வருடம் கழித்து இந்த நூலகத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது கேள்வி. வேலையோ பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அதே அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு பையன் அதைச் சுட்டிக்காட்டினான். அவனை அப்போதே வெளியே அனுப்பினார்கள். குருவி, "சார் உக்கார்ந்திருக்கிற நாற்காலிக்குப் பக்கத்துல நின்னுட்டிருப்பேன் சார்" என்றாள். தலைவர் பூரித்துப்போனார். மகாராணி என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. ஆனால் அவளும் தேறிவிட்டாள்.

கடைசியில் அந்த நீள நடைகூடத்தில் மிச்சம் இருந்தது ஏழும் எட்டும்தான். மகாராணி குருவியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எப்படியும் ரூம் நமக்குத்தான்டி. நீயா இருந்தா என்ன, நானா இருந்தா என்ன?" என்றாள். குருவியும் அதை மனதாரத்தான் நம்பினாள். உள்ளே போகும்வரை நம்பினாள்.

உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் மனிதவள அம்மாள், மறுபக்கம் வெளியிலிருந்து வந்த நிபுணர். அவர் எதில் நிபுணர் என்பது யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து வந்திருக்கிறார் என்பதே தகுதி. அவர் பேசுவதில்லை. அவர் கையில் ஒரு பேனா இருந்தது, முன்னால் மதிப்பெண் தாள் இருந்தது.

"இது குறை கூறும் சுற்று" என்றார் மனிதவள அம்மாள், விருந்தில் இனிப்பு வைக்கிற முகத்துடன். "வெளிநாட்டு முறை. நாங்கதான் முதல்ல கொண்டுவந்திருக்கோம். எல்லாரும் அவங்கவங்க குறையைச் சொல்லச் சொன்னா, நான் ரொம்பக் கடுமையா உழைப்பேன், அதான் என் குறைன்னு கதை விடுறாங்க. அதனால அடுத்தவங்க குறையைச் சொல்லச் சொல்றோம். அதுல யாரும் பொய் சொல்றதே இல்ல. நீங்களும் எட்டாம் நம்பரும் ஒரே ரூமாமே? ரொம்ப நல்லதாப் போச்சு. சொல்லுங்க, அவங்ககிட்ட என்ன குறை?"

"அவ ரொம்ப நல்லவ மேடம்."

பேனா அசையவில்லை.

"குறை பாக்கத் தெரியாதவங்க எப்படிம்மா புத்தகத்தைத் தரம் பிரிப்பீங்க?" என்றார் தலைவர். "பாசம் தப்பில்ல. எனக்குக்கூட இந்த நூலகத்துல ஒரு நண்பர் இருந்தாரு. அவர் குறைகளைச் சொல்லித்தான் நான் இந்த நாற்காலிக்கு வந்தேன். இப்பவும் அவர்மேல பாசம் இருக்கு. அவர்தான் பேசறதில்ல."

"கொஞ்சம் மெதுவா வேலை செய்வா சார்."

நிபுணர் பேனாவின் மூடியைக் கழற்றினார். தாளில் வைக்கவில்லை.

"காலையில எழுந்திருக்கமாட்டா. அலாரம் அடிச்சாலும்..." என்று ஆரம்பித்துவிட்டுக் குருவி நிறுத்திக்கொண்டாள்.

"அலாரம் அடிச்சாலும்?" மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள். பேனாவும் சாய்ந்தது. அந்தப் பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்த குருவிக்குத் தையல் மிஷினும் சுவரும் தெரிந்தன, அண்ணி சந்தோஷமாக இருப்பது தெரிந்தது. மாடி அறை ஏனோ அந்த நேரத்தில் தெரியவில்லை.

"அவளுக்கு இடது காது கேக்காது சார். சுத்தமா. யாருக்கும் தெரியாது, மறைச்சு வச்சிருக்கா" என்றாள்.

வாய் தவறி வந்துவிட்டது என்று பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வாய் தவறவில்லை. நிறுத்தி, நிதானமாக, யாரும் கேட்காத 'மறைச்சு வச்சிருக்கா'வையும் சேர்த்துத்தான் வந்தது. பேனா தாளில் ஓடிய சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

வெளியே வந்த குருவி மகாராணியின் பக்கத்தில் உட்கார்ந்து, "சும்மா ஏதோ கேட்டாங்க" என்றாள். மகாராணி சிரித்தாள். கதவு திறந்தது. அழைப்பாளர் வந்தார். காலையிலிருந்து கிசுகிசுவென்று கூப்பிட்டவர், நேராக மகாராணியின் முன்னால் வந்து குனிந்து, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு, நடைகூடமே அதிரும்படி கத்தினார்.

"அம்மா! எட்டாம் நம்பர்! உள்ள வாங்க! மெதுவா வாங்க!"

அவர் மேல் குற்றமில்லை. பேரவை நூலகத்துக்குக் கனிவுக் கொள்கை என்று ஒன்று உண்டு. குறை உள்ளவர்களிடம் ஊழியர்கள் எல்லோரும் கனிவோடு நடந்துகொள்ளவேண்டும். காது கேட்காதவரிடம் கனிவு என்றால் கத்துவது என்று மனிதவள அம்மாள் உள்ளேயிருந்து உத்தரவு போட்டிருந்தார். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்கூட நிமிர்ந்து, "வழுக்கும்! பாத்துப் போங்க!" என்று தன் பங்குக்குக் கத்தினார்.

மகாராணி எழுந்தாள். அழைப்பாளரைப் பார்த்தாள். தரை துடைக்கும் அம்மாளைப் பார்த்தாள். கடைசியாகக் குருவியைப் பார்த்தாள். உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம் துடைப்பம் வரைக்கும் தெரிந்திருந்தால், சொன்னது யார் என்று கண்டுபிடிக்க நூலகவியல் படித்திருக்கவேண்டியதில்லை.  அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். குருவிக்கு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது.

கதவு சாத்தியிருந்தும் உள்ளே பேசியது ஒவ்வொன்றும் வெளியே கேட்டது. கனிவு அப்படி.

"உங்க! தோழிகிட்ட! என்ன குறை!" இது மனிதவள அம்மாள்.

மகாராணி பதில் சொன்னாள் போலிருக்கிறது. அவள் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் பேசுவாள். வெளியே எதுவும் கேட்கவில்லை. குருவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பற்றிச் சொல்ல மகாராணியிடம் என்னதான் இல்லை? அனுபவக் கணக்கில் நாளிதழ் கட்டிய கதை இருக்கிறது. ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தை அப்படியே வேறு யாரோ எழுதியதிலிருந்து எடுத்தது இருக்கிறது. ராத்திரி தூக்கத்தில் அழுவது இருக்கிறது. சொல்லட்டும் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடட்டும், கணக்குத் தீர்ந்துவிடும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"என்னது? பசி தாங்காதா?" என்று தலைவர் கத்தினார்.

மகாராணியின் பதில் மறுபடியும் வெளியே வரவில்லை.

"பசிச்சா அழுதுடுவாங்களா! அதனால சாயங்காலம் ஆகும்னா ஏதாவது சாப்பிடக் குடுக்கணுமா! அம்மா, இதெல்லாம் ஒரு குறையா? நல்லா யோசிங்க! அவங்க உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க! நீங்களும் சொல்லலேன்னா மார்க் போயிடும்! ம்மா! மார்க்!"

மகாராணி ஏதோ சொன்னாள்.

"வேற ஒண்ணும் இல்லையா? சரி! உங்க இஷ்டம்!"

கதவு திறந்தது. மகாராணி வெளியே வந்து, குருவி இருந்த பக்கம் பார்க்காமல், நடைகூடத்தைக் கடந்து படியிறங்கிப் போனாள். பின்னாலேயே ஓடவேண்டும் என்று குருவி எழுந்தாள். அதற்குள் அழைப்பாளர் பழையபடி கிசுகிசுவென்று ஏழாம் எண்ணைக் கூப்பிட்டார். குருவி ஒரு நிமிடம் படியைப் பார்த்தாள், ஒரு நிமிடம் கதவைப் பார்த்தாள். கதவுக்குள் போனாள்.

தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"ஒரே ரூம்ல இருந்தும் பாசத்துக்கு இடம் குடுக்காம உண்மையைச் சொன்னீங்க பாருங்க, அதுதான் எங்களுக்கு வேணும். எட்டாம் நம்பருக்குக் காது கேக்காதது எங்களுக்குப் பிரச்சினையே இல்ல. இங்க யாரும் வர்றதில்ல, எதையும் கேக்கறதுமில்ல. ஆனா அவங்களுக்குக் குறை சொல்ல வரல. ரெண்டு வருஷம் கூட இருந்தவங்களையே சந்தேகப்படத் தெரியலேன்னா வாசகரை எப்படிச் சந்தேகப்படுவாங்க? நாங்க யாரையும் நம்பறதில்லம்மா. அதனாலதான் இங்க ஒரு புத்தகம்கூடத் தொலையல."

"உங்க குறை பசின்னு பதிவாயிருக்கு" என்றார் மனிதவள அம்மாள். "கவலைப்படாதீங்க. இங்க மதிய இடைவேளை கிடையாது. ஒரு மாசத்துல சரியாப் போயிடும்."

நிபுணர் அந்த நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

'எனக்கு இந்த வேலை வேண்டாம்' என்ற சொல் குருவியின் நாக்கு நுனிவரை வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. காது கேட்காதது பிரச்சினையே இல்லை என்று அவர் சொன்னது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட, யாருக்குக் கிடைத்திருந்தாலும், அந்த மாடி அறை இரண்டு பேருக்கும்தான். "ரொம்ப நன்றி சார்" என்றாள். இரண்டு கையும் கூப்பித்தான் சொன்னாள்.

பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் மகாராணி உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதப் பொட்டலம். குருவியைக் கண்டதும் அதை நீட்டினாள்.

"காலைலேருந்து எதுவும் சாப்பிடல நீ. பன்னு. சாப்பிடு."

குருவி வாங்கிக்கொண்டாள். 

"உனக்குத்தானே?"

குருவி தலையை ஆட்டினாள்.

"நல்லது. அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. அந்த மாடி வீட்டம்மாகிட்டயும் ஒரு ஆள்தான் வருதுன்னு சொல்லிடு. ரெண்டு பேர்னு நெனச்சுட்டு இருப்பாங்க."

குருவி வழக்கம்போல அவளுக்கு வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். மகாராணி எழுந்தாள். பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, குருவியின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது குருவி இருந்தது கேட்காத காதுப் பக்கம்.

"மன்னிச்சுடுடி" என்றாள் குருவி. மகாராணி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவி எல்லாவற்றையும் சொன்னாள். பேனா அசையாமல் நின்றதைச் சொன்னாள், அண்ணியைச் சொன்னாள், நீ எதையாவது திருப்பிச் சொல்லியிருக்கக்கூடாதா பாவி என்று சொன்னாள். அழுதுகொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள். எழுந்து கேட்கிற காதுப் பக்கம் போய் உட்காருவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பெஞ்சு சின்னதுதான். ஆனால் காதில் விழுந்துவிட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே என்று பயமாக இருந்தது.

பேருந்து வந்தது. இரண்டு பேரும் ஒரே விடுதிக்குத்தான் போகவேண்டும். குருவியும் எழுந்தாள்.

"நீ அடுத்த பஸ்ல வா" என்றாள் மகாராணி. கோபமாகச் சொல்லவில்லை. ஏறிப் போய் பெஞ்சுக்கு மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பேருந்து கிளம்பி, திருப்பத்தில் மறைந்தது.

குருவி பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். இதைத் தொடவே கூடாது என்று நினைத்தாள். இதைத் தின்றால் தான் மனுஷியே இல்லை என்றும் நினைத்தாள். கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, பசியும் பொறுக்கமுடியவில்லை. அடுத்த பேருந்து வருவதற்குள் முழுவதையும் தின்று முடித்திருந்தாள்.